கண்ணுள் வடியும் குருதி



கண்ணிற் குருதி கசிதல் இருவகைப்படும். ஒன்று பிறர் காண்பது. மற்றொன்று உரியவர் மட்டுமே காண்பது. காலையில் எழுந்து முகங் கழுவி வந்தவரைப் பார்த்து வீட்டார் திடுக்கிடுகின்றனர். கண்ணின் வெள்ளையிலே செவ்வரத்தம் பூவின் இதழொன்றை ஒட்டிவைத்தாற் போல ஒரு சிவப்பு. இருமலினாலோ, தும்மலினாலோ, பாரந் தூக்கியதனாலோ மேற்படலத்தின் கீழுள்ள சிறு நாளம் ஒன்று வெடித்திருக்கும். நோவில்லை, பார்வையிற் குறைவில்லை. பார்ப்போரை நடுங்கவைக்கும் இச்சிவப்புப் பெரும்பாலும் இரண்டு வாரங்களுள் மஞ்சளித்துத் தானே மறைந்துவிடும். ஆயினும் இதற்குத்தான் நம்மவர் வேலைவெட்டியை விட்டு வைத்தியரிடம் ஓடுவர்.

மற்றைய குருதி கண்ணின் உள்ளே வடிவது. அப்போது கண் வெளித்தோற்றத்தில் வெண்மையாகவே இருக்கும். அதற்கும் நோவில்லை. உரியவர் மட்டும், "என் கண்ணுக்குள் புகை ஓடுகிறது" என்பார். வீட்டார் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்பர். அஞ்சவைப்பது தீங்கற்றதாகவும், அஞ்சவையாதது பார்வையையே கொண்டுபோக வல்லதாகவும் அமைந்திருப்பது இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்று. இவ்விரண்டாவது குருதியைப் பற்றியும், அதனை அகற்றுதற்கு எழுந்த சத்திரசிகிச்சையைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகின்றேன். நான் வைத்தியன் அல்லேன்; கலைப் பட்டம் பெற்றுக் கல்விப் பணியிற் காலங்கழிப்பவன். ஆகவே நோயாளியும் அவர்தம் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவற்றை அவர்கள் நின்று பார்க்கும் இடத்திலிருந்தே சொல்ல முயல்கின்றேன்.

கண்ணை ஒரு சிறு பந்தாகக் கருதுங்கள். அதன் முன்புறத்திலே விழிவெண்படலம், அதன் பின்னே கதிராளி, அதற்கும் பின்னே வில்லை. பந்தின் பிற்சுவரின் உட்புறத்தில், சுவரிலே பூசிய மெல்லிய சாந்து போல விழித்திரை படிந்திருக்கிறது. வில்லைக்கும் விழித்திரைக்கும் இடையிலுள்ள பெரிய வெளி வெறுவெளியன்று. கண்ணாடியுடனீர் என்று விஞ்ஞான பாடநூல்கள் கூறும் ஒரு தெளிந்த பொருள் அதனை நிரப்பி நிற்கின்றது. பெயரிலே நீர் இருப்பினும் அது ஓடும் நீரன்று. இளநுங்கைத் தோண்டி எடுக்கும்போது கையில் வருமே, தெளிந்தும் தளதளத்தும், அத்தகையது. அளவோ ஏறக்குறைய 4 மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டிக்குங் குறைவு. நூற்றில் 98 அல்லது 99 பங்கு தண்ணீரே. எஞ்சிய சிறு பங்கிலேதான் மயிரினும் மெல்லிய நார்கள் பின்னிக் கிடந்து அதற்கு உருவங் கொடுக்கின்றன. அந்நார்கள் விழித்திரையைச் சிற்சில இடங்களில் இறுகப் பற்றியிருக்கின்றன. இப்பற்றுதலை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நான் சொல்லப்போகும் இடரும் அதற்குக் கண்ட வழியும் இதனைச் சார்ந்தே நிற்கின்றன.

கண்ணாடியுடனீருக்குள் குருதி நாளங்கள் இல்லை. ஒளி தங்குதடையின்றிச் செல்ல வேண்டிய பாதையிலே நாளங்கள் எவ்வாறு இருத்தல் கூடும்? எனவே அங்கே குருதி காணப்படுமாயின் அது அயலிலிருந்து, பெரும்பாலும் விழித்திரையிலிருந்து, வந்து புகுந்ததாகும். அடிபட்ட கண்ணில் இது நிகழும். கிரிக்கெற் பந்தும், சீனவெடியும், கல்லுடைக்கும்போது தெறிக்குஞ் சில்லும் அதற்குப் போதும். விழித்திரையின் நாளம் ஒன்று அடைபட்டாலும் நிகழும். மூளையைச் சூழ்ந்த வெளியிலே திடீரெனக் குருதி பெருகியோரிற் சிலருக்குக் கண்ணுள்ளுங் குருதி கசிவதுண்டு. 1900இல் அதனை எழுதிய தெர்சோன் என்னும் பிரெஞ்சு வைத்தியரின் பெயராலேயே அந்நிலை இன்றும் வழங்குகின்றது. எனினும் பெரும்பான்மை பற்றிப் பேசுவதாயின் இரண்டு காரணங்களே முன்னிற்பன: ஒன்று நீரிழிவு, மற்றொன்று விழித்திரைக் கிழிசல்.

நீரிழிவினாற் குருதி கசியும் விதம் சற்று விரித்துரைக்கத் தக்கது. பல்லாண்டுகளாகக் குருதியிலே சீனி மிகுந்திருப்பின் விழித்திரையின் நுண்ணிய நாளங்கள் பழுதுற்று ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. வாய்க்கால் தூர்ந்த வயல்போல விழித்திரையின் பகுதிகள் உணவும் பிராணவாயுவும் இன்றி வாடுகின்றன. வாடிய விழித்திரை சும்மா இருப்பதில்லை. புதிய நாளங்களைத் தூண்டி வளர்க்கும் இரசாயனப் பொருள் ஒன்றை அது சுரந்துவிடுகின்றது. புதிய நாளங்கள் முளைக்கவுஞ் செய்கின்றன. உதவிக்கு வந்தவை என்று நாம் எண்ணலாம். ஆனால் அவை செம்மையாய்க் கட்டப்படாத நாளங்கள். சுவர் மெல்லியது, ஒழுங்கு இல்லை, போக வேண்டிய இடத்துக்கும் போவதில்லை. விழித்திரையை விட்டெழுந்து, கண்ணாடியுடனீரின் பின்முகத்தைப் பந்தலாகக் கொண்டு கொடிபோற் படருகின்றன. வயது செல்லச் செல்லவும், நோய் முற்ற முற்றவும் கண்ணாடியுடனீர் சுருங்கி முன்னோக்கி இழுபடுகின்றது. பந்தல் அசைந்தாற் கொடி அறுமன்றோ? அறுந்த நாளத்திலிருந்து குருதி வடிகின்றது. பாரந் தூக்கும்போதுதான் இது நிகழும் என்பதில்லை, உறக்கத்திலும் நிகழலாம்.

விழித்திரைக் கிழிசலுக்கு நீரிழிவு வேண்டுவதில்லை. ஐம்பது அறுபது வயதை அடையும்போது கண்ணாடியுடனீர் இளகி விழித்திரையை விட்டுத் தானாகவே பிரிவது மனிதர் பலருக்கும் வருவதொன்று. அப்போது மின்னற்கீற்றுப் போன்ற ஒளியும், மிதக்கும் புள்ளிகளுந் தோன்றும். பெரும்பாலோருக்கு அவ்வளவோடு முடிந்துவிடும். சிலருக்கோ, நான் முன்னே சொன்ன இறுகிய பற்று விடாமல் நின்று விழித்திரையையே கிழித்துவிடுகின்றது. கிழிசலின் குறுக்கே ஒரு நாளம் ஓடுமாயின் அதுவும் அறுந்து குருதி பெருகும். இவ்வாறு பிரியும்போது குருதியுங் கசிந்தவர்களைச் சோதித்துப் பார்த்தால், அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஒரு கிழிசலேனும் இருக்கக் காண்பர். கிழிசலின் வழியே நீர் புகுந்தால், ஈரஞ் சேர்ந்த சுவரிலிருந்து சாந்து பெயர்வது போல விழித்திரை பெயர்ந்துவிடும். பெயர்ந்த விழித்திரை நெடுநாள் உயிர்ப்புடன் இராது.

உரியவருக்கு இதெல்லாம் எவ்வாறு தோன்றும்? சிறிதளவு கசிந்தாற் சிலந்திவலை, கொசு, மயிரிழை, மிளகுத் தூள் என்று அவரவர் பழக்கத்துக்கேற்பச் சொல்வர். கண்ணை அசைத்தால் அவையும் அசையும். நிறுத்திய பின்னும் சற்றே மிதந்து நிற்கும். மிகுதியாகக் கசிந்தாற் செந்நிற மூடுபனி. அதனினும் மிகுந்தால் வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பதற்கு மேல் ஒன்றுந் தெரியாது. படுத்தெழுந்த வேளையிற் கலங்கிக் காண்பதும், சற்று நேரம் நிமிர்ந்திருந்தபின் குருதி அடியிற் படிந்து மேற்பகுதி தெளிவதும் உண்டு.

என்னோடு பணியாற்றிய புவியியல் ஆசிரியர் ஒருவர், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு உடையவர், ஒரு நாள் மாணவர் வரைந்த தேசப்படங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது கடதாசியிலே மை சிந்திவிட்டதென்று துடைத்தாராம். மை கடதாசியில் இல்லை. மற்றைக் கண் நன்றாக இருந்தமையால் அவர் வேலையை விடவில்லை. பொழுதுக்குப் பொழுது சொட்டுமருந்து விட்டார், பத்தியம் இருந்தார், "மெல்ல மெல்லக் கரைகிறது" என்று எங்களுக்குஞ் சொல்லி வந்தார். நான்கு மாதங் கழித்து மூத்த மகளின் வற்புறுத்தலினாற் கண் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றபோது, அங்கே கழியொலி கொண்டு பார்த்ததில், குருதிக்குப் பின்னே விழித்திரை கூடாரம்போல இழுபட்டு உயர்ந்து நிற்பது தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்தனர். இன்று அக்கண்ணால் அவர் ஆளை அடையாளங் காண்பார், படியிறங்குவார். தேசப்படத்தை வாசிக்க முடியாது. மற்றைக் கண்ணிலும் புதிய நாளங்கள் அரும்பியிருந்ததை அன்று கண்டு உடனே லேசர் ஒளி பாய்ச்சியமையால் அந்தக் கண் இன்றும் வாசிக்கின்றது.

இங்கே ஒரு கருத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "குருதி தானே கரைந்துவிடும்" என்று அவருக்கு எவரோ சொன்னது பொய்யன்று. கண்ணாடியுடனீரிற் கலந்த குருதி பல வாரங்களில், சிலவேளை பல மாதங்களில், மெல்ல மெல்லக் கரையக் கூடியதே. வைத்தியருங்கூடச் சிலரைத் தலையணையை உயர்த்திப் படுக்கச் சொல்லிக் காத்திருக்கச் செய்வர். ஆனால் வைத்தியர் காத்திருப்பதற்கும் நாம் காத்திருப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. வைத்தியர் திரைக்குப் பின்னே இருப்பதை அறிந்துகொண்டு காத்திருக்கிறார். கண்மணியை மருந்தால் விரித்து உள்ளே பார்க்கிறார். குருதி மறைத்தால் மூடிய இமையின்மேற் கழியொலிக் கருவியை வைத்து விழித்திரை தன் இடத்தில் இருக்கின்றதா என்று காண்கிறார். இருக்கின்றதெனின் நாட்களைக் கொடுக்கலாம். கிழிந்தோ பெயர்ந்தோ இருப்பின் ஒரு வாரங்கூடக் கொடுத்தற்கில்லை. ஆபத்து குருதியில் அன்று; குருதி மறைத்து நிற்பதிலேயே இருக்கின்றது.

இனிச் சத்திரசிகிச்சையின் கதைக்கு வருவோம். 1970ஆம் ஆண்டு வரையில் உலகின் எந்தப் பெருநகரிலும், எத்துணைச் செல்வருக்கும், இக்குருதி கரையாவிட்டாற் செய்யத்தக்கது ஏதும் இல்லை என்றே சொல்லலாம். கண்ணாடியுடனீரைத் தொடக்கூடாது என்பது கண் வைத்தியரின் எழுதாச் சட்டமாக இருந்தது. கண்புரை எடுக்கும்போது தவறுதலாக அது சிறிது வெளியே வந்துவிட்டாலே சத்திரசிகிச்சை நிபுணர் கலங்குவார்; அக்கண் கெட்டுவிடும் என்பது அனுபவம். அக்காலத்து அனுபவம் பொய்யென்று சொல்லவும் இயலாது. வெளியே வந்த பொருளை இழுத்தால், அதன் மறுமுனையிற் பற்றிநின்ற விழித்திரையும் இழுபட்டது. குற்றம் தொட்டதில் இல்லை, இழுத்ததில் என்பதைக் காண ஒருவர் வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மியாமி நகரிலுள்ள பாஸ்கொம் பாமர் கண் நிலையத்தில் டேவிட் காஸ்னர் என்னும் நிபுணர் 1960களில் அவ்வெழுதாச் சட்டத்தை முதலில் மீறினார். புரை எடுக்கையில் வெளிவந்த கண்ணாடியுடனீரை அவர் இழுக்காமற் கத்தரித்துக் கத்தரித்து எடுத்தார், கண்கள் கெடவில்லை. பின்னர், கண்ணாடியுடனீர் முழுவதும் மங்கிப்போகும் அரிய நோயொன்றில், கண்ணின் முன்புறத்தைத் திறந்து, பஞ்சுத் துண்டாலும் கத்தரியாலும் அதனைப் பெரும்பாலும் அகற்றினார். நோயாளி பார்வை பெற்றார். கண்ணாடியுடனீர் இல்லாமலும் கண் வாழும் என்பது அவ்வாறு நிறுவப்பட்டது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தூசியைத் தட்டுவதற்குக் கூரையைக் கழற்றுவது போன்றதாயிற்று அம்முறை.

கூரையைக் கழற்றாமற் செய்ய இயலாதா என்று சிந்தித்தவர் அதே நிலையத்தில் இருந்த றொபேட் மகெமர் என்னும் ஜேர்மனியர். 1933இல் மூன்ஸ்ரர் நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தையுங் கண் வைத்தியரே. தாய் யூத வழி வந்தவராதலால் நாசி ஆட்சியில் மனைவி மக்களுக்கு நேரவிருந்த கேட்டைத் தடுக்க வேண்டி, தாமாகவே போர்முனைக்குச் சென்று 1942இல் உயிரிழந்த தந்தை அவர். அத்தந்தையால் உயிர் காக்கப்பட்ட பிள்ளை வளர்ந்து அவர் தொழிலையே கைக்கொண்டு கடல்கடந்து போனார்.

மகெமர் மெல்லிய குழாய் ஒன்றினுள்ளே துளையிடும் அலகு போன்ற ஒன்றைச் சுழலவிட்டார். குழாயின் பக்கத்தில் ஒரு சிறு வாயில். அவ்வாயிலிற் புகுந்த கூழ்ப்பொருள் உடனே அரியப்பட்டு உறிஞ்சப்படும். தம் வீட்டுக் கார்க் கொட்டகையிற் கருவியை உருவாக்கி, முட்டையின் வெள்ளைக்கருவிலே அதனைப் பரீட்சித்தார் என்று அவரது வரலாறு கூறுகின்றது. ஜான் மாரி பாரெல் என்னும் பொறியியலாளர் அதனைச் செம்மைப்படுத்தினார். அரிதல், உறிஞ்சுதல், உறிஞ்சிய அளவுக்கு ஈடாக உப்புக் கரைசலை உட்செலுத்துதல் ஆகிய மூன்றும் ஒரே குழாயில் நிகழ்ந்தன. அரிந்த பின்னரே உறிஞ்சுவதால் நார் இழுபடுவதில்லை. நார் இழுபடாததால் விழித்திரை கிழிவதில்லை. உட்செலுத்தும் நீரினாற் பந்து துவண்டுபோவதுமில்லை. முழு இரகசியமும் இவ்வளவே.

எங்கே துளையிடுவது என்பது அடுத்த வினா. முன்னே துளைத்தால் வில்லை. பின்னே துளைத்தால் விழித்திரை. இரண்டுக்கும் நடுவே, கருவட்டத்தின் விளிம்பிலிருந்து 3½ அல்லது 4 மில்லிமீற்றர் தள்ளி, வன்கோது எனப்படும் வெள்ளைச் சுவரிலே ஒரு குறுகிய வளையம் உண்டு. அதன் உட்புறத்திற் பார்வைக்கு இன்றியமையாத எதுவும் இல்லை. இயற்கை கண்ணுக்கு வைத்த கோடிவாசல் என்றே அதனைச் சொல்லத் தோன்றுகின்றது. 1970 ஏப்பிரல் 20ஆம் நாள் மகெமர் அவ்வாசல் வழியே தம் கருவியைச் செலுத்தினார். நோயாளி நீரிழிவினாற் கண்ணுட் குருதி நிறைந்து நீண்ட காலமாகக் கரையாது துன்புற்றவர். மூடிய கண்ணுக்குள்ளேயே கலங்கல் அகற்றப்பட்டது. அவர் மீண்டும் பார்த்தார். விற்றெக்டமி என்று வைத்தியர் கூறும் கண்ணாடியுடனீர் அகற்றும் சத்திரசிகிச்சை இவ்வாறு பிறந்தது. மகெமர் 2009இற் காலமானார்.

அதன்பின் வந்த திருத்தங்கள் பல. அவற்றுள் ஒன்றிரண்டையே கூறுவேன். முதற் கருவி தடித்தது. சில ஆண்டுகளுள் ஓமலி என்பவரும் அவரோடு உழைத்த பொறியியலாளரும் அதனை மூன்று மெல்லிய கருவிகளாகப் பிரித்தனர். ஒரு துளை நீர் செலுத்த, ஒன்று விளக்குப் பிடிக்க, ஒன்று அரிய. இன்றும் மூன்று துளை முறையே நிலவுகின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து துளைகள் அரை மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிட்டன; பெரும்பாலுந் தையலே வேண்டுவதில்லை. அரியும் அலகு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை வெட்டுகின்றது. லேசர் ஒளியை மெல்லிய நார் வழியே கண்ணுக்குள்ளேயே கொண்டுபோய், குருதியை அகற்றியவுடன் நோயுற்ற விழித்திரையைச் சுட்டுப் பதப்படுத்தவும் முடிகின்றது. இப்பிற்பகுதி இல்லையேற் குருதியை அகற்றுவது ஒழுக்கை அடைக்காமல் நிலத்தைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டியவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. கண்ணை வெளியே எடுப்பார்களா? இல்லை, கண் தன் குழியிலேயே இருக்கும். நோகுமா? கண்ணைச் சுற்றி ஊசி மருந்திட்டு மரக்கச் செய்வர். பலர் விழித்திருக்கும்போதே செய்யப்படுகின்றது. ஒளியும் நிழலும் அசைவது தெரியும். குழந்தைகளுக்கும், அசையாது படுக்க இயலாதோருக்கும் முழு மயக்கம் கொடுப்பர். எடுத்த கண்ணாடியுடனீருக்குப் பதில் என்ன? முதலில் உப்புக் கரைசல். பின்னர் கண் தானே சுரக்கும் நீர் அவ்விடத்தை நிரப்பிக்கொள்ளும். பழைய நுங்கு மீண்டும் ஊறாது. ஊற வேண்டிய தேவையும் இல்லை. அது இல்லாதவிடத்து, கொடிபோன்ற நாளங்கள் படரப் பந்தலும் இல்லாமற் போகின்றது. நோயின் போக்கையே இது மாற்றுகின்றதென நிபுணர் கருதுவது இதனாலேதான்.

வேறொருவர் தானஞ் செய்த கண்ணை வைக்க முடியாதா என்றும் கேட்பர். நம் நாட்டிலே இக்கேள்வி இயல்பானதே. ஹட்சன் சில்வா என்னும் வைத்தியர் 1961இல் தொடக்கிய கண் தான இயக்கம் உலகறிந்தது. 1964 முதல் கடல்கடந்த நாடுகளுக்கும் இங்கிருந்து கண்கள் அனுப்பப்பட்டன. அப்பெருமையிற் சிறிதுங் குறைவில்லை. ஆயினும் தானமாகப் பெற்றுப் பொருத்தப்படுவது முன்புறத்து விழிவெண்படலம் மட்டுமே. முழுக் கண்ணை மாற்றிப் பார்வை தருவது எங்கும் கைகூடவில்லை. விழித்திரை கெட்டவருக்குத் தானக் கண் வழியாக இன்று பார்வை வராது. ஆகவே தம்முடைய விழித்திரையைக் காத்துக்கொள்வதன்றி வேறு வழியில்லை.

பயன் எவ்வளவு? இதைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வோரும் உளர், அச்சுறுத்துவோரும் உளர். எண்களைப் பார்ப்பது நன்று. நீரிழிவினாற் கண்ணுட் கடுங்குருதி பெருகிய 616 கண்களை எடுத்து, ஒரு பாதிக்கு விரைவிலும், மறுபாதிக்கு ஓராண்டு பொறுத்துத் தேவையானாலும் சத்திரசிகிச்சை செய்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினர். இரண்டு ஆண்டு முடிவு 1985இல் வெளிவந்தது. விரைவிற் செய்தோரில் நூற்றுக்கு 25 பேரும், காத்திருந்தோரில் நூற்றுக்கு 15 பேரும் நல்ல பார்வை பெற்றனர். இளமையிலேயே தொடங்கும் முதல்வகை நீரிழிவு உடையோரிடம் வேறுபாடு இன்னும் பெரிது: 36க்கு 12. முதுமையில் வரும் வகையினரிடமோ வேறுபாடு இல்லை என்னுமளவே. அக்காலத்துக் கருவிகள் தடித்தவை என்பதையும், கண்ணுள்ளே லேசர் செலுத்தும் வசதி அப்போது பரவவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். இன்றைய பயன் அதனினும் மேலானது. ஆயினும் அவ்வெண்கள் ஒன்றை உரைக்கின்றன: விரைந்து செய்தாலும் எல்லோரும் வாசிக்கும் பார்வை பெறுவதில்லை. குருதி ஒரு திரை. திரையை நீக்கினால் மேடையில் இருப்பதுதான் தெரியும்.

இப்போது கத்தியின்றி ஊசியாலும் ஒரு வழி உண்டு. புதிய நாளங்களைத் தூண்டும் இரசாயனத்தை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குட் செலுத்துவது அது. அவ்வூசியையும், லேசரோடு கூடிய சத்திரசிகிச்சையையும் 205 பேரிடம் ஒப்பிட்டு 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறு மாத அளவிற் பார்வை சராசரியாக இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் முதல் மாதத்திற் சத்திரசிகிச்சை பெற்றோர் விரைந்து தெளிந்தனர். ஊசியோடு தொடங்கியோரில் மூன்றிலொருவருக்குப் பின்னர் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. ஊசி ஒரு முறையோடு முடிவதன்று. மீண்டும் மீண்டும் வரவேண்டும். வரமுடியாதவருக்கு எது ஏற்றது என்பது நோயை மட்டுமன்றிப் போக்குவரத்தையும் குடும்பத்தையும் பொறுத்தது. கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து ஏறி வரும் கிழவியொருவர், இவற்றையெல்லாம் வைத்தியரிடம் மறையாது சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது எவ்வாறு தெரியும்?

இடர்களும் உள. ஐம்பது வயதைக் கடந்தோரிற் பலருக்கு இச்சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்றிரண்டு ஆண்டுகளிற் கண்புரை முற்றும், அது எடுக்கத்தக்கதே. முதற் சில வாரங்களில் மீண்டுங் குருதி கசியலாம். விழித்திரை கிழிதலோ பெயர்தலோ சிலருக்கு நேரும். கிருமி புகுதல் அரிது, புகுந்தாற் கொடிது. வீடு சென்றபின் நோவு மிகுந்தாலோ, பார்வை மேலும் மங்கினாலோ, அடுத்த சிகிச்சை நாள் வரை பொறுத்திராமல் அன்றே திரும்ப வேண்டும்.

இருதய நோய்க்காக அஸ்பிரின் முதலிய மருந்துகளை உட்கொள்வோர், கண்ணிற் குருதி வந்தது அம்மருந்தாலேயே என்றெண்ணித் தாமாக நிறுத்திவிடுவதைக் கண்டிருக்கின்றேன். அவ்வாறு செய்தல் கூடாது. நீரிழிவு விழித்திரை நோய் உடையோரிடம் அஸ்பிரின் இக்குருதியை மிகுவிக்கவில்லை என்பது 1991இல் வெளியான ஒரு பேராய்விலே தெரியவந்தது. கண்ணைக் காக்கப் போய் இருதயத்தை இழத்தல் அறிவுடைமையாகாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருந்து தந்த வைத்தியரே சொல்லட்டும்.

குருதி கசிவதற்கு முன்னரே தடுக்க இயலுமா எனின், பெருமளவுக்கு இயலும். புதிய நாளங்கள் முளைத்த விழித்திரையின் ஓரங்களை ஒளியாற் சுட்டால், கடும் பார்வையிழப்புப் பாதிக்கு மேல் குறையும் என்று 1976இலேயே நிறுவப்பட்டுவிட்டது. எனினும் அந்நாளங்கள் முளைத்திருப்பதை உரியவர் உணரமாட்டார். ஊசியில் நூல் கோக்கும் பார்வை இருக்கும்போதே அவை உள்ளே படர்ந்திருக்கும். ஆகையால், நீரிழிவு உடையவர் ஆண்டுக்கொரு முறையேனும் கண்மணியை விரித்து விழித்திரையைச் சோதிப்பித்தல் வேண்டும். மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துகளை வாசித்துக் காட்டுவது இச்சோதனை ஆகாது. அரசாங்க வைத்தியசாலைகளின் கண் பிரிவுகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. சத்திரசிகிச்சை வேண்டியவரை அங்கிருந்து விழித்திரை நிபுணர் உள்ள இடத்துக்கு, கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலை போன்றவற்றுக்கு, அனுப்பிவைப்பர். மருந்து விட்ட அன்று பார்வை சில மணி நேரம் மங்கும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது.

இறுதியாக, சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பற்றி ஒரு சொல். விழித்திரை கிழிந்திருந்தால், அதனைச் சுவரோடு அழுத்தி வைப்பதற்காகக் கண்ணுள்ளே வாயுக் குமிழி ஒன்றை விடுவதுண்டு. குமிழி மேலெழும் இயல்பினது. ஆகவே அது கிழிசலின்மேற் பொருந்துமாறு, குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கும்படி சிலருக்குச் சொல்வர். சொன்னபடி படுப்பது மருந்து உண்பதற்குச் சமம். அக்குமிழி உள்ளவரை ஆகாய விமானத்தில் ஏறலாகாது. உயரம் செல்லச் செல்ல வாயு விரிந்து கண்ணை உள்ளிருந்து நெருக்கி, பார்வை நரம்பையே கெடுத்துவிடும். விமானம் மட்டுமன்று: ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவுக்குப் பேருந்தில் ஏறிச் செல்வதும் அதே தீங்கை விளைக்கலாம். மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து சத்திரசிகிச்சை பெறுவோர், தாம் எந்த ஊருக்குத் திரும்புகிறோம் என்பதை முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்லிவிட வேண்டும். வேறெந்த நோய்க்காயினும் மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை அங்கேயும் அறிவித்தல் வேண்டும்.

எந்த வாயு என்பதைப் பொறுத்து, குமிழி இரண்டு வாரத்திலோ இரண்டு மாதத்திலோ கரையும். கண்ணினுள்ளே அது மேலே மிதந்தாலும், விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதால், உரியவருக்குக் கீழே தளும்பும் நீர்மட்டம் போலத் தோன்றும். நாள்தோறும் அம்மட்டக் கோடு சிறிது சிறிதாகத் தாழும். கோட்டுக்கு மேலே முதலில் விட்டமும், பிறகு சன்னலும், பிறகு எதிரே நிற்பவரின் முகமும் தெளியும். முடிவில் ஒரு பயறளவு உருண்டையாகக் கண்ணின் அடியில் அசைந்துகொண்டிருந்து, ஒரு நாட் காலையில் இல்லாமற் போய்விடும்.